சொலேயா: பெரியவர்கள் வைத்த ஃபல்செட்டாவை நாம் மாற்றலாமா?

கட்டைவிரல்:
வணக்கம். இங்கே நிறையப் படித்திருக்கிறேன், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. ஒரு சண்டைக்குத் தீர்ப்பு வேண்டும்.

நான் ஃப்ளமெங்கோ கிட்டார் கற்றுக்கொள்பவன். என் ஆசிரியர் பழைய கிட்டார்காரர் டியேகோ தெல் கஸ்டோரின் பக்தர். டியேகோவின் சொலேயா ஃபல்செட்டா ஒன்றை அவரிடம் பாடம் செய்தேன். (புதியவர்களுக்கு: சொலேயா ஃப்ளமெங்கோவின் பாட்டு வகைகளில் ஒன்று. பாட்டின் அடிகளுக்கு நடுவிலோ தனி வாசிப்பிலோ கிட்டார் மட்டும் வாசிக்கும் சிறு துண்டுதான் ஃபல்செட்டா.) வீட்டில் வாசிக்க வாசிக்க அதன் முடிவு தானாகவே கொஞ்சம் மாறிவிட்டது. மாறியது எனக்குப் பிடித்தும் போனது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். தாளம் பிசகவில்லை. ஆனாலும் அவருக்குக் கோபம். "அவர் வைத்ததை வைத்தபடி வாசி, உன் சரக்கை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அந்த வாரமே பாகோ தே லுசியாவின் 'சிரோக்கோ' (1987) கேட்டேன். அதில் வரும் சொலேயாவின் பெயர் 'குளோரியா அல் நீஞோ ரிகார்டோ'. செவில்லாவின் பழைய ஆசான் ரிகார்டோவுக்குச் செய்த வணக்கம். ரிகார்டோ அங்கங்கே தலைகாட்டுகிறார், மீதியெல்லாம் பாகோதான். அவர் மாற்றினால் வணக்கம், நான் மாற்றினால் அபசாரமா? கோடு எங்கே?

மொரோன்தாசன்:
தம்பி, நான் உங்கள் ஆசிரியர் பக்கம்.

டியேகோவின் வாசிப்பு எப்படி உருவானது என்று பாருங்கள். 1908-இல் ரொன்டா பக்கம் ஆரியாத்தேயில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை மொரோன் தே லா ஃப்ரொன்டேராவில் கழித்தவர். தன் பெயரில் ரெக்கார்டு போட அலைந்தவர் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் விருந்துகளில் யாரோ டேப்பில் பிடித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்பானியத் தொலைக்காட்சி எடுத்த 'ரிதோ இ ஹெயோகிராஃபியா தெல் கான்டே' தொடரிலும் கொஞ்சம் இருக்கிறது. அவர் எதிரே உட்கார்ந்து பாடியவர்கள் ஃபெர்னான்டா தே உத்ரேரா, ஹுவான் தலேகா போன்றவர்கள். விடிய விடிய நடக்கும் கூட்டங்களில் பாடகரின் மூச்சுக்கு இடம் விட்டு விட்டே அந்த வாசிப்பு மெருகேறியது. முக்கால்வாசி வேலை கட்டைவிரலுக்குத்தான். சுரம் குறைவு. எங்கே வாசிக்காமல் விட்டார் என்று கேட்கத் தெரிந்தால்தான் டியேகோ காதில் விழுவார்.

அறுபதுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் மொரோனுக்கே வந்து தங்கி அவரிடம் கற்றார்கள். டான் போரன் என்ற அமெரிக்கர் இப்படி வருகிறவர்களுக்காக அங்கே ஒரு பண்ணை வீட்டையே நடத்தினார். முடிவை மாற்றி வாசிப்பதற்காகவா அவ்வளவு தூரம் வந்தார்கள்?

வைத்தபடி வாசிக்க வராதவர் மாற்றுகிறார் என்றால், பெரும்பாலும் கை வராததை மறைக்கிறார் என்று அர்த்தம். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

சைப்ரஸ்பலகை:
> அவர் வைத்ததை வைத்தபடி

ஐயா, டியேகோ எந்த ராத்திரி வைத்தபடி? டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரே ஃபல்செட்டா இங்கே ஒரு மாதிரி, அங்கே வேறு மாதிரி. மருமகன்கள் பாகோ தெல் கஸ்டோரும் ஹுவான் தெல் கஸ்டோரும் மாமாவின் சரக்கைத்தான் வாசித்தார்கள். ஆனால் இருவரையும் அரை நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். பாகோ தெல் கஸ்டோரின் கை கனம் வேறு.

இன்னொன்று. நாம் மரபு என்று கைகூப்புவதில் பாதி, யாரோ ஒரு தனி ஆளின் பிடிவாதம். ரொன்டேஞா என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரில் ரொன்டேஞா என்றாலே ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்க வேண்டும், மூன்றாவதை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்க வேண்டும். எந்த ஆசிரியரிடம் போனாலும் இதுதான் பாடம். இதை நிலைநிறுத்தியவர் ரமோன் மொன்டோயா, மாட்ரிட்டைச் சேர்ந்த கிதானோ (ஸ்பெயினின் ஜிப்சி இனத்தவர்). 1936-இல் பாரிஸில் அவர் செய்த தனி கிட்டார் பதிவுகளில் அது இருக்கிறது. தார்ரேகா வழி வந்த கிளாசிக்கல் கிட்டார்காரர்களிடமிருந்து அர்பேஜியோவையும் ட்ரெமோலோவையும் எடுத்து ஃப்ளமெங்கோவுக்குள் விரித்தவரும் அவரே. கட்டைவிரலும் ரஸ்கெயாடோவும் (விரல்களை விசிறித் தந்திகளை வருடுவது) ஆண்டுகொண்டிருந்த இடத்தில் இதெல்லாம் எவ்வளவு அந்நியமாகக் கேட்டிருக்கும்! ஆனால் மனுஷன் அந்தோனியோ சக்கோன் மாதிரி ஒரு பாடகருக்கு வருடக்கணக்கில் வாசித்தவர். அவரை வெளியாள் என்று யார் சொல்வது?

பிறகு பாகோ தே லுசியா வந்து அதே சுருதியில் 'குவேவா தெல் காத்தோ'வும் 'மி நீஞோ குர்ரோ'வும் வாசித்தார். ஒரு ஆளின் யோசனை ஐம்பது வருடத்தில் வாய்ப்பாடு ஆகிவிட்டது.

ஜாஸ்_ஜெயம்:
வெளியிலிருந்து ஒரு கேள்வி. எங்கள் பக்கம் இன்னொருவர் சோலோவை அப்படியே வாசிப்பது வீட்டுப்பாடம் மட்டும்தான். மேடையில் வாசித்தால் சிரிப்பார்கள். ஃப்ளமெங்கோவும் அந்த நேரத்தில் உதிப்பதுதானே? பாகோ, ஜான் மெக்லாக்லின், ஆல் டி மியோலா மூவரும் 1980 டிசம்பரில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் வாசித்ததைக் கேட்டுத்தான் நான் கிட்டாரே எடுத்தேன். அதில் எது மரபு, எது சொந்தம்?

சைப்ரஸ்பலகை:
ஜெயம், அந்தக் கச்சேரிகளில் பாகோ படாத பாடு பட்டார். ஹார்மனி ஓடிக்கொண்டிருக்க அதன் மேல் அந்தந்த நொடியில் கற்பனை செய்யும் பழக்கம் அவருக்கு அப்போது கிடையாது. வாசித்து முடித்தால் தலைவலி வந்துவிடும் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெக்லாக்லினுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குச் சில வருடம் முன்புதான் சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் வாசித்துவிட்டு வந்தவர்.

ஃப்ளமெங்கோவில் ஃபல்செட்டா என்பது முன்பே செய்து, விரலில் ஏற்றி வைத்தது. எதை எடுப்பது, எங்கே வெட்டுவது, எப்போது பாடகருக்கு விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம்தான் அந்த நேரத்து முடிவு. உதிப்பது இருக்கிறது, ஆனால் சுரத்தில் அல்ல, வரிசையிலும் நேரத்திலும்.

பன்னிரண்டாம்தட்டு:
எல்லோரும் தத்துவம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தம்பி என்ன மாற்றினார் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

கட்டைவிரல், முடிவில் சரியாக என்ன செய்தீர்கள்?

கட்டைவிரல்:
அக்கா, ஃபல்செட்டா பத்தாவது தட்டில் ஈ-யில் வந்து முடியும். அதற்குப் பிறகு 11, 12 சும்மா இருக்கும். அவர் மேல் பலகையில் ஒரு தட்டு மட்டும் தட்டுவார், சில சமயம் அதுவும் இல்லை. நான் அந்த இடத்தில் ஒரு சின்ன பிகாடோ (இரண்டு விரல் மாற்றி மாற்றி ஒற்றைச் சுரமாக மீட்டுவது) ஓட்டம் போட்டு அடுத்த சுற்றின் ஒன்றில் இறங்கினேன். ஆறேழு சுரம்தான். கொம்பாஸ், அதாவது தாளச் சுற்று, கச்சிதமாக உட்கார்ந்தது.

புதியவன்77:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பத்து, பதினொன்று என்கிறீர்களே, இது என்ன கணக்கு? நான் ரும்பா மட்டும்தான் வாசிப்பேன். 😅

பன்னிரண்டாம்தட்டு:
புதியவன், சொலேயாவின் ஒரு சுற்று 12 தட்டு. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12-இல். வாய்விட்டு எண்ணிக் கைதட்டிப் பாருங்கள், முதல் பாதி மூன்று மூன்றாகவும் பின்பாதி இரண்டு இரண்டாகவும் நடப்பது தெரியும். ஈ-யில் தொடங்கினால் மூன்றில் எஃப் வந்து முறுக்கும், பத்தில் மறுபடி ஈ வந்து அவிழும். புலேரியாஸும் இதே எலும்புதான், வேகமும் விளையாட்டும் வேறு. சிகிரியாஸில் அதே 12-ஐ வேறு இடத்திலிருந்து தொடங்கி 2-2-3-3-2 என்று ஐந்து அடியாக உணர வேண்டும். அதை இன்றைக்கே முயலாதீர்கள். உங்கள் ரும்பா நான்கு தட்டு, அதனால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

இப்போது கட்டைவிரலுக்கு.

நான் நடன வகுப்புகளுக்கு வாசிப்பவள், எப்போதாவது பாடகர்களுக்கும். என் இடத்திலிருந்து பார்த்தால் நீங்கள் மாற்றியது டியேகோவின் மெட்டை அல்ல. நீங்கள் உட்கார்ந்தது அடுத்தவருடைய நாற்காலியில். அந்த 11-உம் 12-உம் கிட்டாருக்குச் சும்மா கிடக்கிற இடமாகத் தெரியும். ஆனால் ஆடுபவரின் குதிகால் பதில் சொல்வது அங்கே. கைதட்டுபவர் அழுத்துவது அங்கே. பாடகர் மூச்சை இழுத்து "அய்" என்று எடுக்கத் தயாராவதும் அங்கேதான். நீங்கள் அதில் ஆறேழு சுரம் கொட்டினால் அவர்கள் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும்.

பாட்டுக்கு வாசித்தால் இது சட்டென்று புரிந்துவிடும். சொலேயாவின் ஒரு பாடல் மூன்று நான்கு அடி. பாடகர் அந்த அடியை எவ்வளவு இழுப்பார் என்பது அவருக்கே பாடும்போதுதான் தெரியும். நீங்கள் ஈ-யும் எஃப்-உமாகச் சுற்றிக்கொண்டே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் மேலே திறந்து சி-க்குப் போகும் ஓர் அடி வரும். நீங்கள் முந்திக்கொண்டு சி கார்டைப் போட்டால் அவரைப் பிடித்துத் தள்ளியது மாதிரி. பிந்தினால் அவர் தனியாகத் தொங்குவார். மலகேஞா, டரான்டா மாதிரி தாளச் சுற்று இல்லாதவற்றில் இன்னும் மோசம், எண்ணிக்கை என்ற கைப்பிடிகூடக் கிடையாது. மெல்ச்சோர் தே மார்ச்சேனா வாசித்ததைக் கேளுங்கள். மனோலோ கராக்கோல் ஓர் அடியை முடித்ததும் இரண்டு மூன்று சுரத்தில் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார். அந்த இரண்டு மூன்று சுரம் மெல்ச்சோருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தனித்தன்மைக்கு அவ்வளவு இடம் போதுமாக இருந்தது.

தனியாக உட்கார்ந்து வாசித்தால் வேறு கதை. எதிரே பாடவும் ஆடவும் யாரும் இல்லை, அந்த இடத்தை நீங்கள் நிரப்பலாம். தனி வாசிப்பில் பேர்போன சபிகாஸ் நிரப்பவில்லையா? ஆனால் யாருடைய இடத்தை நிரப்புகிறோம் என்று தெரிந்து நிரப்ப வேண்டும். உங்கள் ஆசிரியர் இதைச் சொல்லிப் புரியவைத்திருக்கலாம். முறைத்துவிட்டுப் போனதில் யாருக்கு என்ன லாபம்?

மொரோன்தாசன்:
அம்மா, நான் ஒரு பக்கத்தில் சொல்லத் தவித்ததை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

இதிலிருந்துதான் என் மனக்குறை தொடங்குகிறது. கிட்டார் தனிக் கச்சேரி வாத்தியமாக ஆனதும் அந்த எதிர் நாற்காலி காலியாகிவிட்டது. 1975-இல் பாகோ மாட்ரிட்டின் தேயாத்ரோ ரெயாலில் ஏறினார். ஃப்ளமெங்கோ கிட்டாருக்கு அது பெரிய கௌரவம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் யாருக்கும் வழிவிட்டுப் பழகாமலேயே வளர்ந்தார்கள். ஒரு புலேரியாஸ் போட்டால் எங்கே 12 என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லா ஃபல்செட்டாவும் தட்டுக்கு நடுவில் தொடங்கி நடுவில் முடிகிறது. கார்டுகளைக் கேட்டால் நியூயார்க் கிளப்பில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. பாஸ் கிட்டார், புல்லாங்குழல், கஹோன் எல்லாம் சேர்ந்தால் கிட்டார் எங்கே கேட்கும்?

பாடகர் கமரோனின் 'லா லெயென்டா தெல் தியெம்போ' 1979-இல் வந்தபோது கிதானோ ரசிகர்கள் சிலர் "இது கமரோனே இல்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். அவர்களுக்குக் காது இல்லை என்றா சொல்வீர்கள்?

சைப்ரஸ்பலகை:
காது இருந்தது ஐயா. ஆனால் அதே ரெக்கார்டை இன்று யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? அதில் வாசித்த தொமாதிதோ அப்போது இளம் பையன். இன்று அவரை யாராவது புதுமைக்காரர் என்று திட்டினால் சிரிப்பு வரும்.

கஹோன் பற்றி: பெருவின் கறுப்பின மக்களுடைய பெட்டி அது. எழுபதுகளின் கடைசியில் லிமாவில் கைத்ரோ சோத்தோ வாசிக்கக் கேட்டு பாகோ கொண்டுவந்தார். குழுவில் அதை வாசித்தவர் பிரேசில்காரர் ருபெம் தன்தாஸ். இன்று ஸ்பெயினில் சுற்றுலாப் பயணி போகிற எந்த தப்லாவோவிலும் (ஃப்ளமெங்கோ நிகழ்ச்சிக் கூடம்) அந்தப் பெட்டி இருக்கும். அது கொலம்பஸ் காலத்திலிருந்து அங்கேயே கிடக்கிறது என்று நினைப்பவர்கள்கூட உண்டு. மரபுக்கு நாற்பது வருடம் போதும் போல.

பாகோ மரபை உடைத்தார் என்று இரண்டு கட்சியும் சொல்கிறது, ஒன்று திட்டி, ஒன்று புகழ்ந்து. அவர் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். அல்ஹெசிராஸ் வீட்டில் அண்ணன் ரமோன், ரிகார்டோவின் ஃபல்செட்டாக்களைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தம்பி அதை மாற்றி, வேகம் கூட்டி வாசிக்கிறான். அண்ணனுக்குக் கோபம்! ரிகார்டோ அவருக்குத் தெய்வம். (கட்டைவிரல், உங்களுக்கு நல்ல துணை.) அப்புறம் 1963-இல் ஹோசே கிரேக்கோவின் நடனக் குழுவோடு நியூயார்க் போன இடத்தில் சபிகாஸையும் இன்னொரு கிட்டார்காரர் மாரியோ எஸ்குதேரோவையும் பார்க்கிறான். அடுத்தவர் சரக்கை விட்டுச் சொந்தமாகச் செய் என்று சொன்னது அவர்கள். அதாவது, மாற்றச் சொன்னவர்கள் பெரியவர்கள். அதிலும் சபிகாஸ் யார்? 'ஃப்ளமெங்கோ பூரோ' என்றே ரெக்கார்டுக்குப் பெயர் வைத்தவர். அதே சபிகாஸ் ஜோ பெக் என்ற ராக் கிட்டார்காரரோடு சேர்ந்து போட்ட ரெக்கார்டு 1970-இல் வந்தது. நன்றாக இல்லை, கேட்க வேண்டாம். ஆனால் போட்டார்.

பெரியவர்கள் சொல்லியும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1967-இல் பாகோ போட்ட 'லா ஃபபுலோசா கிதார்ரா'வில் எஸ்குதேரோவின் 'இம்பெத்து' இருக்கிறது. ரிகார்டோவின் வாசனை எல்லா இடத்திலும் அடிக்கிறது. 1973-இல் 'ஃபுவென்டே இ கவுதால்' வரும்போதுதான் ஆள் முழுதாகத் தெரிகிறார். நடுவில் என்ன செய்தார்? 1969-இலிருந்து வருடத்துக்கு ஒன்று என்கிற மாதிரி கமரோனோடு ரெக்கார்டு. ஐயா சொல்கிற எதிர் நாற்காலி அவருக்கு எப்போதும் காலியாக இருந்ததில்லை. அந்த நாற்காலியில் இருந்தவர் கமரோன், அவ்வளவுதான். சபிகாஸ் இறந்த 1990-இல் வந்த 'ஸிர்யாப்' ரெக்கார்டில் அவருக்காக 'தியோ சபாஸ்' என்று ஒரு டரான்டா. அதைக் கேட்டுவிட்டு இவர் மரபை உடைத்தார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, எனக்கும் ஒரு மனக்குறை உண்டு, ஐயாவுடையதற்கு நேர் எதிர்ப் பக்கம். தனி வாசிப்பின் கழுத்தை நெரித்தது மரபு அல்ல, பாகோ. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எண்பது, தொண்ணூறுகளில் வந்த கிட்டார்காரர்களில் பெரும்பாலோர் அவர் பிகாடோ, அவர் அல்சாபுவா (கட்டைவிரலை மேலும் கீழும் வீசி மீட்டுவது), அவர் கார்டு, அவர் உட்காரும் விதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் கிட்டாரை வலது தொடையில் நிமிர்த்தி வைத்துக்கொள்வார்கள். பாகோ காலை மடித்து மேலே போட்டுக் கிட்டாரைப் படுக்கையாக வைத்தார். பிறகு எல்லோரும் அப்படியே. மொரோன் பாணி, ஹெரெஸ் பாணி, செவில்லா பாணி என்று ஊருக்கு ஒரு கை இருந்தது. அவற்றைக் கரைத்தது ஒரு புரட்சிக்காரர் மேல் இருந்த பக்தி. ஆசிரியர் "வைத்தபடி வாசி" என்று சொன்னால் ஒரு ஃபல்செட்டாதான் பிடிபடும். பாகோவை வைத்தபடி வாசித்தவர்களுக்குக் கையே போய்விட்டது.

தப்பித்தவர்கள் உண்டு. ரஃபயேல் ரிகேனி ஒருவர். விசென்டே அமிகோ கொர்தோபாவில் வளர்ந்து, பாகோ வழியிலேயே போய், பாதியில் தன் பாட்டுக்கு இனிமையின் பக்கம் திரும்பிவிட்டார். (சில நேரம் சர்க்கரை கூடிவிடும், அது என் நாக்கு.) எனக்குப் பிடித்த பதில் ஹெரெஸின் மொராயிதோ.

கட்டைவிரல்:
மொராயிதோ வேகமாக வாசிப்பவர் இல்லையே? யூடியூபில் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கட்டைவிரலும் தாளமும்தான்.

பன்னிரண்டாம்தட்டு:
அதுதான் விஷயம் தம்பி. பாகோ உலகத்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மொராயிதோ ஹெரெஸில் புலேரியாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். குடும்பத் தொழில். அப்பா, பெரியப்பா எல்லோரும் கிட்டார், மகன் டியேகோவும் கிட்டார். ஒரு துணுக்கு, ஒரு வெட்டு, ஒரு சிரிப்பு, மறுபடி ரஸ்கெயாடோ. ஹோசே மெர்சேயோடு அவர் வாசித்ததைக் கேளுங்கள். பாடகர் எங்கே தடுமாறினாலும் கீழே ஒரு கை தாங்கும். 2011-இல் போனார். அவருடைய துணுக்குகளை ஹெரெஸ் பக்கத்து வகுப்புகளில் இன்று வேதம் மாதிரி சொல்லித்தருகிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் யாரோ ஒரு பையன் அதன் முடிவை மாற்றி வாசித்துத் திட்டு வாங்குவான்.

இந்த இழையில் வரிசையாக ஆண்கள் பெயராகவே வருகிறது, அதனால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பாட்டுக் கூடங்கள் நடந்த காலத்திலேயே பெண்கள் கிட்டார் வாசித்திருக்கிறார்கள். அனியா லா தே ரொன்டா தானே வாசித்துக்கொண்டு பாடியவர். மாட்ரிட்டில் அதேலா குபாஸ் தொழில்முறை கிட்டார்காரர். அந்த வரிசை நடுவில் அறுந்துபோனது. இன்று அந்தோனியா ஹிமேனெஸ் மாதிரி ஒருவர் நடனக் குழுவுக்கு வாசிக்க உட்கார்ந்தால் புதுமை என்று எழுதுகிறார்கள். மரபு என்று எதைச் சொல்கிறோம் என்பது யாரை மறந்தோம் என்பதையும் பொறுத்தது.

ஜாஸ்_ஜெயம்:
ஒரு சந்தேகம். இதெல்லாம் கிதானோ இரத்தத்தில் வருவது, வெளியாட்கள் வாசித்தால் எடுபடாது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் நாம் யாரும் வாசிக்கவே வேண்டாமே?

மொரோன்தாசன்:
பாகோவே கிதானோ இல்லை. உங்கள் நண்பரிடம் அதைச் சொல்லுங்கள். என்னை மரபுக்காரன் என்று திட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

சைப்ரஸ்பலகை:
அந்தப் பேச்சுக்குத் தூபம் போட்டது பாடகர் அந்தோனியோ மைரேனா. 1962-இல் கொர்தோபாவில் கான்டேயின் (ஃப்ளமெங்கோ பாட்டின்) தங்கச் சாவி என்ற விருது அவருக்குக் கிடைத்தது, அடுத்த வருடம் ரிகார்டோ மொலினாவோடு சேர்ந்து புத்தகம். எது தூய்மை, எது கிதானோ, எது கலப்பு என்று ஒரு படமே வரைந்துவிட்டார். மறக்கப்பட்ட பல பாட்டுகளை அவர் மீட்டுப் பாடியதும் உண்மை. ஆனால் அவரைக் கூர்ந்து கேட்டவர்கள் ஒரு சந்தேகம் எழுப்புவார்கள்: பழைய கிழவர் ஒருவரிடம் கேட்டது என்று அவர் பாடிய சிலவற்றில் மைரேனாவே எவ்வளவு இருக்கிறார்? என் கணிப்பு, நிறைய. மனுஷன் சொந்தமாகச் செய்துவிட்டு மரபு என்று கையெழுத்துப் போட்டார். பாகோ பெரியவர்களிடம் வாங்கியதற்குத் தன் பெயரைப் போட்டார். இரண்டில் எது பணிவு?

நெறியாளர்:
மைரேனா சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, போன முறை அதைப் பூட்ட வேண்டிவந்தது. கிட்டாருக்கு வாருங்கள்.

கட்டைவிரல்:
நன்றி எல்லோருக்கும். அக்கா சொன்ன அந்த 11, 12 விஷயம் மண்டையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று டியேகோ ஃபெர்னான்டாவுக்கு வாசித்த சொலேயாவை மறுபடி போட்டுக் கேட்டேன். அவர் பத்தில் நிறுத்துவதும் அந்த அம்மா உள்ளே வருவதும் ஒரே அசைவாக இருக்கிறது. ஆனால் என் ஓட்டத்தை விட்டுவிடவும் மனசில்லை. தனியாக வாசிக்கும்போது அது எனக்கு இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது.

தெரிந்த ஒருவர் பாடுவார். ஃப்ளமெங்கோ கொஞ்சம் கற்றவர், சொலேயா இரண்டு பாடம் உண்டு. அவரோடு உட்காரலாம் என்று நினைக்கிறேன். எதில் தொடங்குவது?

பன்னிரண்டாம்தட்டு:
உட்காருங்கள். முதல் அரைமணி ஃபல்செட்டாவே வேண்டாம், வெறும் கொம்பாஸ் மட்டும் வாசித்து அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பாருங்கள். அப்புறம் இரண்டு பாடலுக்கு நடுவில் டியேகோவின் ஃபல்செட்டாவை ஒரு முறை வைத்தபடி, ஒரு முறை உங்கள் ஓட்டத்தோடு. முடிவை அவர் சொல்லட்டும், நாங்கள் வேண்டாம்.

பாடுபவர் ஆணா பெண்ணா? செஹியா (சுருதி ஏற்றத் தந்திகளின் மேல் மாட்டும் கவ்வி) எங்கே போடுவது என்பதற்காகக் கேட்கிறேன்.

கட்டைவிரல்:
பெண் குரல் அக்கா. ஹார்மோனியத்தில் பார்த்தோம், பி வசதி என்கிறார்.

பன்னிரண்டாம்தட்டு:
அப்படியானால் போர் அரிபாவில், அதாவது ஈ வடிவத்தில் வாசித்தால் செஹியா ஏழாவது ஃப்ரெட்டுக்குப் போகும். கிட்டார் மாண்டலின் மாதிரி கீச்சிடும். போர் மெதியோவுக்கு, ஏ வடிவத்துக்கு மாறிக்கொண்டால் இரண்டாவதில் போட்டாலே அதே சுருதி, கீழ்த்தந்திகளின் கனமும் கிடைக்கும். நானாக இருந்தால் இரண்டாவதுதான்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஃபல்செட்டா ஈ வடிவத்துக்காகச் செய்தது. ஏ வடிவத்தில் அந்தத் திறந்த தந்திகள் அந்த இடத்தில் கிடைக்காது. பாதி சுரத்தை இடம் மாற்றித்தான் வாசிக்க முடியும்.

சைப்ரஸ்பலகை:
ஆக, மாற்றாமல் வாசிக்க வழியே இல்லை. 😄 ஆசிரியருக்கு யார் சொல்வது?

மொரோன்தாசன்:
வழி இருக்கிறது. ஏழில் போடுங்கள்.

கட்டைவிரல்:
ஐயா, என் கிட்டாரில் ஏழில் போட்டால் மூன்றாவது தந்தி இரைகிறது.

மொரோன்தாசன்:
செஹியாவை நன்றாக இறுக்கி, ஃப்ரெட்டை ஒட்டிப் போடுங்கள். அப்படியும் இரைந்தால் தந்தியை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசித்ததைப் பதிந்து இங்கே போடுங்கள், இரண்டு மாதிரியும்.